பதினோரு இலைகள்

வலது கை ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் இறக்கிவிட்டு, இடது கையால் போனை எடுக்கிறார். "நாளைக்குக் காலையில பத்தரைக்கு வாங்க. சாப்பிட்டுட்டே வாங்க, வெறும் வயித்தோட வராதீங்க." பேசி முடிக்கும்வரை விரல் மண்ணுக்குள்தான் இருக்கிறது. பிறகு அதை வெளியே எடுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளிக்கிறார். "நல்லா ஊறிப்போயிருக்கு." இது போனில் பேசியவருக்கு அல்ல, மேசைமேல் மஞ்சளித்து உட்கார்ந்திருக்கும் மணி பிளான்ட்டுக்கு.

பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்மணி. வயது நாற்பத்தைந்து சொல்லலாம். எதிரே ஐந்து நாற்காலி, ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளறையில் துளைக்கும் கருவி கிளம்பினாலே நான் கதவைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஒரே ஒரு கடைவாய்ப் பல்லுக்கு, வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை வரச் சொல்லியிருந்தார்கள். ஆறு தடவையும் பயத்தை மறக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது இவரைத்தான்.

பல் வலி இல்லாதவர்களும் அங்கே வருவார்கள். கையில் வாடிய தொட்டியோடு கதவைத் தள்ளி, "டாக்டரம்மா இருக்காங்களா?" என்பார்கள். அதே கட்டடத்து நான்காவது மாடி வக்கீலின் ரோஜாவில் மொட்டு கருகும்; தையல்கடைக்காரரின் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பியிருக்கும். நிஜ டாக்டர் முகமூடியோடு எட்டிப் பார்த்து, "என்னைத் தேடி ஒருத்தரும் இவ்வளவு ஆசையா வரமாட்டேங்கறாங்களே" என்று உள்ளே போய்விடுவார்.

இவருடைய ஆயுதங்களெல்லாம் அவரிடமிருந்து கழிக்கப்பட்டவைதான். பல்லைப் பார்க்கும் குட்டி வட்டக் கண்ணாடியால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பழைய பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீரைத் தொட்டுப் பூச்சியைத் தேய்ப்பார். முனை மழுங்கிய ஊசியால் இறுகிய மண்ணைக் கிளறிவிடுவார். பூச்சி பிடித்த செடிக்கு ஜன்னலோரம் தனி வார்டு உண்டு. மற்றதைத் தொடும் முன் கையைக் கழுவிக்கொள்வார்.

விசாரணை கறாராக இருக்கும். ஒரு முறை கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். "தண்ணி ஊத்தறது யாரு?" என்றார். "நான்தான்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மற்றவர் மறந்துவிடுவார் என்று ஆறு மாதமாக ஆளுக்கொரு சொம்பு ஊற்றியிருக்கிறார்கள். "பாசத்துலயே மூழ்கடிச்சிருக்கீங்க. விரலை விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா கையைக் கட்டிக்கிட்டுப் போயிடுங்க. முக்கால்வாசிச் செடி தண்ணி இல்லாம சாகறதில்ல, தண்ணியாலதான் சாகுது" என்றார்.

என் கதை வேறு. கொன்றாலும் சாகாது என்று சொல்லி யாரோ பரிசளித்த பாம்புச்செடியைச் சருகாக்கி எடுத்துப் போயிருந்தேன். "எப்ப சார் கடைசியா தண்ணி ஊத்தினீங்க?"

"ஊத்தணுமா மேடம்?"

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு, அன்றைக்கு உள்ளறையில் வாங்கிய ஊசியே பரவாயில்லை. செடி மூன்று வாரத்தில் நிமிர்ந்துவிட்டது.

இதற்கெல்லாம் நடுவே மேசையின் வலது ஓரத்தில் ஒரு ரப்பர் செடி இருந்தது. முழங்கை உயரத்தில் ஒற்றைத் தண்டு, தடித்த இலைகள். அது யாரும் கொண்டுவந்ததல்ல. அவருடைய அக்காவுடையது. அக்கா இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போகும்போது செடியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, "நான் வர்றதுக்குள்ள பன்னெண்டாவது இலை வந்திருக்கணும்டி" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் இவர் அதை வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

முதல் தடவை நான் எண்ணியபோது பதினோரு இலை இருந்தது. பல்லுக்காகக் காத்திருப்பவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறென்ன வேலை? அடுத்த வாரம் ஒன்பது. செடி ஜன்னலுக்கு மாறியிருந்தது. அதற்கடுத்த வாரம் ஏழு. ஃபைல் அலமாரி மேல் புதுத் தொட்டியில் இருந்தது. ஒவ்வொரு போனுக்கும் நடுவே அவர் எழுந்து போய் அதில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். முன்பெல்லாம் பெயரைத் தப்பாமல் கூப்பிடுபவர், அன்று என்னை வேறு யாரோவாக நினைத்து உள்ளே அனுப்பப் பார்த்தார்.

நான்காவது வாரம் போனால் மறுபடி ஒன்பது இலை! எனக்கே சந்தோஷமாக இருந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய கைபேசி அடித்தது. திரையில் அக்கா, மூக்கில் குழாய், மெலிந்த முகம். தங்கை செடியைக் கையோடு திருப்பி நல்ல பக்கத்தைக் காட்டினார்.

"என்னடி, அந்தக் கீழ் இலை ஆடுது?"

"ஏசிக் காத்துக்கா."

அழைப்பு முடிந்ததும் குனிந்து பார்த்தேன். கீழிருந்த இரண்டு இலைகளும் பல்லிடுக்கில் விடும் வெள்ளை நூலால் தண்டோடு கட்டப்பட்டிருந்தன. முடிச்சு அவ்வளவு நேர்த்தி. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"என்ன சார் செய்யச் சொல்றீங்க? வர்ற மாசம் ரெண்டாவது ஆபரேஷன். செடி நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேன்ங்கறா. எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. அவளுக்கு இருக்கே."

"தண்ணி...?" என்றேன்.

அவர் இலையின் முடிச்சைத் தடவிப் பார்த்தார். "பயம் வந்தா ஊத்திடறேன் சார். ஈரமாத்தான் இருக்கும், தெரியும். ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தா உடனே ஊத்தணும் போல இருக்கு. கொஞ்சம்தான். ஒரு பாட்டில் மூடி."

ஊருக்குத்தான் உபதேசம் என்று வேறு யாரைப் பற்றியாவது இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் பயமாகவே இருந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அந்த முடிச்சுகள் கண்ணை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது நூலைக் காணோம், இலை ஐந்தாகியிருந்தது.

ஆறாவது வாரம், என் கடைசி நாள். உதடு மரத்துப்போய் வெளியே வந்தேன். மேசைமேல் சின்ன மண்தொட்டி. அழுகிய வேரையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, காய்ந்த மண்ணில் நட்டிருந்தார். நாலே இலை. உச்சியில் மட்டும் சிவப்பாக, சுருண்ட இலைமொட்டு ஒன்று காயாமல் நின்றது.

"அக்காகிட்ட காட்டிட்டேன் சார், நாலுதான்னு. திரையில ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தா. அப்புறம் சொல்றா, 'இங்க என்னையும் நிமிஷத்துக்கு ஒருத்தர் வந்து குத்திப் பாத்துட்டுப் போறாங்க. அதையாவது சும்மா விடுடி'ன்னு."

"ஆபரேஷன்?"

"நாளைக்குக் காலையில."

தொட்டியை என் பக்கம் தள்ளினார். "நீங்க எடுத்துட்டுப் போங்க."

"நானா? என் பாம்புச்செடியையே..."

"அதனாலதான் சார். பத்து நாளைக்கு யாராவது இத மறக்கணும். எனக்குத் தெரிஞ்சு அந்தத் திறமை உங்களுக்குத்தான் இருக்கு. என் கைக்கு எட்டற இடத்துல இருந்தா, இன்னிக்கு ராத்திரியே கொன்னுடுவேன்."

இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டேன். அவர் கதவைத் திறந்துவிட மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். கதவருகே அவருடைய வலது கை தானாக நீண்டது. ஆள்காட்டி விரல் மண்ணுக்கு நூலளவு மேலே வந்து நின்றது. அந்த விரலை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.