பதினொரு சோற்றுக் குக்கர், ஓர் ஒட்சிசன் மெஷின்: ஈஸ்டர் பஸ் முகாம்

இந்த ஈஸ்டர் விடுமுறைக்குப் போவதா, பஸ்ஸை விற்பதா என்பதுதான் வீட்டில் இருந்த கேள்வி. எங்களுடையது 10.4 மீற்றர் நீளப் பழைய பாடசாலை பஸ். இருக்கைகளில் ஆறை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றி, கட்டில், குசினி, குளியலறை வைத்து வீடாக்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. போன ஆண்டு என் மனைவி யோகாவுக்கு நுரையீரல் இறுகும் நோய் என்று கண்டுபிடித்தார்கள். இப்போது ஒரு நாளில் பதினாறு மணி நேரம் ஒட்சிசன் மெஷின் தேவை. அது மின்சாரத்தில் ஓடுவது.

எங்கள் மகன் அருண் பஸ்ஸுக்கு இணையத்தில் விற்பனை விளம்பரம் போட்டுவிட்டான். கடைசியாக ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஈஸ்டர் முகாமுக்கு ஒரு முறை போய்வருவது. கரண்ட் போதாமல் திங்கட்கிழமைக்கு முன் திரும்பினால் விற்பது. யோகா ஓம் என்று சொன்னாள். அவள் ஓம் என்று சொன்ன விதத்தைப் பார்த்து, இனி நான் வாய் திறக்கத் தேவையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இதே போலப் போக நினைப்பவர்களுக்காக, முதலில் பஸ்ஸின் மின்சார அமைப்பு. கூரையில் 200 வாட் சோலர் தகடுகள் எட்டு. கட்டிலுக்கு அடியில் 24 வோல்ட், 400 அம்பியர்-மணி லித்தியம் பற்றரி. நிறைந்திருந்தால் சுமார் 10 யூனிற் மின்சாரம். 3,000 வாட் இன்வேர்ட்டர். எஞ்சின் ஓடும்போது பற்றரிக்கு 70 அம்பியர் அனுப்பும் சார்ஜர். எல்லாமாக 11,400 டொலர். 24 வோல்ட் பக்கத்து வேலையை நானே செய்தேன். 230 வோல்ட் பக்கத்தை உரிமம் பெற்ற மின் தொழிலாளி செய்து சான்றிதழ் தந்தார். அந்தப் பக்கத்தில் நீங்களும் கை வைக்காதீர்கள், சட்டமும் விடாது.

மெஷினுக்கு 350 வாட். இன்வேர்ட்டரில் வீணாவதையும் குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏழரை யூனிற். தென் விக்ரோறியாவின் இலையுதிர் கால வெயிலில் நல்ல நாளென்றால் நாலு யூனிற் வரும். முகில் என்றால் ஒன்று. யோகாவின் மருத்துவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினோம். அவசரத்துக்கு இரண்டு ஒட்சிசன் சிலிண்டர்கள் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிப் போகச் சொன்னார்.

பெரிய வெள்ளி காலை 8.20க்கு மெல்பேண் நோபல் பார்க் வீட்டிலிருந்து புறப்பட்டோம். சவுத் கிப்ஸ்லாண்ட் நெடுஞ்சாலையில் 163 கிலோமீற்றர். லியோங்காதாவில் இருபது நிமிடம் நின்றோம். விடுமுறை நெரிசலையும் சேர்த்து 11.25க்கு முகாம் திடலை அடைந்தோம். ஆண்டுக்கொரு முறை மாட்டுச் சந்தையும் குதிரைப் போட்டியும் நடக்கும் சிற்றூர்த் திடல் அது. திடலைப் பராமரிக்கும் காவலர் நல்ல மனிதர், பிறகு நடந்த மின் பழுதும் அவர் குற்றம் அல்ல. அதனால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. மின் இணைப்போடு ஒரு வண்டிக்கு இரவு 35 டொலர்.

எங்களுடையதையும் சேர்த்து மெல்பேணிலும் சிட்னியிலும் இருந்து பதினொரு பெரிய வண்டிகள் வந்திருந்தன. எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். முகாமை ஒழுங்கு செய்பவர் கணேசன். கோயம்புத்தூர்க்காரர், சிட்னி டூங்காபியில் இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து இறக்கிய 12.2 மீற்றர் வண்டி அவருடையது. உள்ளே ஒரு குத்துவிளக்கைத் தவிர மற்ற எல்லாம் மின்சாரம். இரண்டு வாரத்துக்கு முன்பே எல்லாருக்கும் மின்சாரப் பட்டியல் அனுப்பியிருந்தார்: தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்கு இன்ன நேரம், ஹீற்றருக்கு இன்ன நேரம், தலை உலர்த்தும் கருவிக்கு இன்ன நேரம். வெள்ளைக்காரர்களின் முகாம் குழு ஒன்றின் பட்டியலைப் பார்த்துச் செய்ததாக அவரே சொன்னார்.

யோகாவுக்கு அவர் தனி இடம் வைத்திருந்தார். வட்டமாக நிறுத்திய வண்டிகளிலிருந்து எண்பது மீற்றர் தள்ளி, கழிப்பறைக் கொட்டகைக்குப் பக்கத்தில். அங்கே தனி மின் இணைப்பு இருக்கிறது என்றார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அங்க போட்டுக்கிட்டா எங்களுக்கும் நிம்மதி.”

யோகா பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே கேட்டாள். “தம்பி, என்ர மெஷின் முந்நூற்றம்பது வாட். உங்கட கோப்பி மெஷின் எவ்வளவு?”

கணேசன் யோசிப்பதற்குள் பக்கத்து வண்டி நஸீர் பதில் சொல்லிவிட்டார். டண்டினோங்கில் இரும்பு, மின் சாமான் கடை வைத்திருப்பவர், காத்தான்குடிக்காரர். “ஆயிரத்து நானூறு. நான்தானே வித்த.”

“அப்ப நீங்கள் அங்க போங்கோவன்,” என்றாள் யோகா.

நாங்கள் வட்டத்துக்குள்ளேயே நிறுத்தினோம். ஒரு குறை, எங்கள் இடத்துக்கு மேலே பெரிய யூக்கலிப்டஸ் மரம். சோலர் தகடுகளுக்கு நிழல். மின் இணைப்பு இருக்கிறதே என்று அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. அது என் பிழை.

வெள்ளி மாலை இரண்டு முறை கரண்ட் நின்றது. காவலர் இரண்டு முறையும் வந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, திடலின் மின் பலகை முழுவதற்குமே 50 அம்பியர்தான், பார்த்துப் பாவியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். 50 அம்பியர் என்றால் 11,500 வாட். கணேசன் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்.

சனிக்கிழமை மதியம் சமபந்தி. இங்கேதான் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கறியைப் பகிர்வார்கள். சோற்றைப் பகிரமாட்டார்கள். யாழ்ப்பாணத்தார் சிவப்புப் பச்சையரிசி. கொழும்பிலிருந்து வந்தவர்கள் கீரிச் சம்பா. கணேசன் வீட்டில் பொன்னி. நஸீர் வீட்டில் பாஸ்மதி. மற்றவரின் சோறு தொண்டையில் இறங்காது. கணேசனின் பட்டியலில் கேத்தல் இருந்தது, கோப்பி மெஷின் இருந்தது. சோற்றுக் குக்கர் இல்லை. சோறு தின்னாதவர்களின் பட்டியலில் அது எப்படி இருக்கும்?

பன்னிரண்டரைக்குச் சூடாக வேண்டும் என்பதற்காகப் பதினொரு வீட்டாரும் 11.50க்குக் குக்கரை அழுத்தினார்கள். 700 வாட்படி 7,700. அதற்கு மேல் நாலு கேத்தல், ஒவ்வொன்றும் 2,200. மொத்தம் 16,500. 12.04க்குக் கொட்டகைப் பக்கம் பட்டென்று ஒரு சத்தம். இந்த முறை சுவிட்சைப் போட்டு வரவில்லை. பலகையே கருகியிருந்தது. மின் தொழிலாளி செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று காவலர் சொன்னார்.

பதினொரு குக்கரிலும் அரிசி பாதி வேக்காட்டில் நின்றது. “கறி ரெடி, சனம் ரெடி, சோறு மட்டும் லீவுல போயிற்று,” என்றார் நஸீர். யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எரிவாயு அடுப்பு வைத்திருந்த மூன்று வீட்டில் மிச்ச வேக்காட்டை முடித்தோம். அன்று முதல் முறையாக எல்லா அரிசியும் ஒன்றாகக் கலந்து பானைக்குள் போனது. ருசியைப் பற்றி எழுத மாட்டேன்.

மற்றவர்களுக்கு இது அசௌகரியம். எங்களுக்கு அப்படியல்ல. திடலில் ஜெனரேற்றரும் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவதும் கூடாது, பக்கத்துக் கொட்டிலில் உள்ள குதிரைகள் மிரளும் என்பது விதி. ஐந்து கிலோமீற்றரில் உள்ள மோட்டலுக்குக் கணேசன் தானாகவே போன் பண்ணிப் பார்த்தார், இடமில்லை. பின்னேரம் எங்கள் பஸ் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வீட்டுக்குப் போய்விடுவதுதான் எல்லாருக்கும் நல்லது என்று நீளமாகச் சொன்னார். கெட்ட எண்ணம் கிடையாது. பயந்த மனிதர்.

“ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னக்கா பதில் சொல்லுவேன்?”

“நீங்கள் ஏன் பதில் சொல்லோணும்? நான் என்ன உங்கட பிள்ளையே?”

அவர் போன பிறகு யோகா பற்றரித் திரையைப் பார்த்தாள். நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். முப்பது ஆண்டு செய்தியாளனாக இருந்தவனுக்கு எண்ணை எழுதாமல் இருக்க முடியாது. சனி மதியம் 100 சதவீதம். மாலை ஆறுக்கு 86. ஞாயிறு காலை எட்டுக்கு 38. வானம் முழுக்க முகில். கையில் இருப்பது 3.8 யூனிற். திங்கள் காலை பதினொரு மணிவரை தேவைப்படுவது எட்டு யூனிற்றுக்கு மேல். மரநிழலிலிருந்து வெளியே எடுத்தாலும் அந்த முகிலில் ஒரு யூனிற் வந்தால் பெரிது.

சாவியை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தேன். வீட்டுக்குப் போவோம் என்று நான் வாய்விட்டுச் சொன்னால் அது எங்கள் கடைசிப் பயணம் ஆகிவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் யோகா. “எஞ்சின் ஓடினால் மணிக்கு எவ்வளவு ஏறும்?”

“ரெண்டு யூனிற்றுக்குக் கொஞ்சம் குறைய.”

“அப்ப வெளிக்கிடுங்கோ. சேல் ரவுணுக்குப் போட்டு வருவம்.”

எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போவோம் என்றேன். வேண்டாம் என்றாள். “சொன்னால் கூட்டம் வைப்பினம்.”

ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். முதலில் 44 கிலோமீற்றரில் உள்ள போர்ட் அல்பேர்ட். மீன்பிடிப் படகுகள் நிற்கும் சிறிய துறைமுகம், பெரிய வண்டி திருப்ப இடமுண்டு. யோகா மூக்கில் குழாயோடு முன் இருக்கையில் பெல்ற் போட்டு இருந்தாள். மெஷின் பின்னால் கட்டிய இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து யாரம் என்ற ஊர் வழியாக சேல் நகரம். அங்கே ஒரு வாய்க்கால் ஓரத்தில் பஸ்ஸை நிறுத்தி, இறங்காமலே தேநீர் குடித்துப் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். வந்த வழியே திரும்பினோம். 236 கிலோமீற்றர். ஓட்டம் 3 மணி 10 நிமிடம். டீசல் 64 லீற்றர், 131 டொலர். அந்தக் காசுக்கு மோட்டலில் ஓர் இரவு தங்கலாம் என்பது எனக்குத் தெரியும். மோட்டலில் இடமிருந்தாலும் போயிருக்க மாட்டோம்.

2.30க்குத் திடலுக்குள் நுழைந்தபோது திரை காட்டியது 83.

எங்கள் இடத்தில் நஸீர் தன் வண்டியின் கூடார விரிப்பைக் கட்டி, கறிச் சட்டிகளை அடுக்கியிருந்தார். நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம் என்றே எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். கணேசன் அருணுக்கும் போன் பண்ணி, அம்மா புறப்பட்டுவிட்டார்கள், கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அருண் நோபல் பார்க் வீட்டுக்குப் போய் ஹீற்றரைப் போட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறான். நஸீர் விரிப்பை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய அழைப்பு வந்தது. யோகா போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

“நாங்கள் வரேல்லை. சேல்ல தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி முகாமுக்கு வந்தனாங்கள். பற்றரி எண்பத்திமூண்டு.”

அருண் ஆங்கிலத்தில் வாதாடினான். ஊர் சுற்றிப் பற்றரியை நிரப்புவது ஒப்பந்தத்தில் இல்லை, இது ஏமாற்று என்றான்.

“பஸ் எண்டால் ஓடத்தானே வேணும்,” என்றாள் யோகா. “நீ வீட்டை நிக்கிறாய்தானே. பூமரத்துக்குத் தண்ணி விட்டிட்டுப் போ.”

கணேசன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு தட்டில் பொன்னிச் சோறு கொண்டுவந்து யோகாவிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் குழைந்து போயிற்று என்றாள்.

திங்கள் காலை 10.50க்கு 21 சதவீதத்தோடு புறப்பட்டோம். சிலிண்டர்கள் இரண்டும் சீல் உடையாமல் வீடு வந்தன. விளம்பரத்தை அருண் அன்று மாலையே எடுத்துவிட்டான். அவன் பயம் போய்விட்டது என்று நான் நம்பவில்லை. எனக்கே போகவில்லை. வளைவுகளில் திரும்பும்போது மெஷினின் சத்தம் கேட்கிறதா என்றுதான் வீதி முழுக்கக் காது கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில. எட்டு டன்னுக்கு மேல் இரண்டு அச்சு வண்டி ஓட்ட எம்.ஆர். வகை உரிமம் வேண்டும், முன்கூட்டியே எடுங்கள். பெரிய வண்டிகளின் பிளக் 15 அம்பியர், அதன் எர்த் கால் அகலமானது. வீட்டுச் சாதாரணத் துளைக்குள் போகட்டும் என்று அதை அரத்தால் ராவுகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். திடலை ஒழுங்கு செய்யும்போது எத்தனை இணைப்பு என்று கேட்டு நிறுத்தாமல், மொத்தப் பலகைக்கு எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். மின் இணைப்பு இருந்தாலும் மரத்தடியில் நிறுத்தாதீர்கள். சோற்றை மூன்று நேரமாகப் பிரித்து வேகவையுங்கள், அல்லது எரிவாயுவில் வையுங்கள். மூச்சுக்கு மெஷின் தேவைப்படுகிறவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள், கருவி தந்த நிறுவனத்துக்கு அறிவியுங்கள், சிலிண்டர் இல்லாமல் வாசற்படி தாண்டாதீர்கள். அதோடு, எத்தனை சதவீதத்தில் புறப்பட்டு எங்கே போவது என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். நாங்கள் எழுதி வைக்கவில்லை. தப்பியதற்கு அந்த 70 அம்பியர் சார்ஜர்தான் காரணம். என் புத்தி அல்ல.

போன வாரம் அடுத்த ஆண்டுக்கான விதிகளைக் கணேசன் குழுவுக்கு அனுப்பியிருந்தார். சோற்றுக் குக்கர் இப்போது முதல் வரியில் இருக்கிறது. ஒன்பதாவது விதி, மருத்துவக் கருவி பாவிப்பவர்கள் வருவதற்கு முன்பே குழுவிடம் அனுமதி பெற வேண்டும் என்றிருந்தது. யோகா அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிலைத் தானே எழுதினாள்.

“அனுமதி கேட்கமாட்டேன். வாட் கணக்குச் சொல்வேன். 350. மற்றவர்களும் தங்களுடையதைச் சொல்லவும்.”

இதுவரை நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். கணேசன் இன்னும் சொல்லவில்லை.