கங்காணியின் ஊர்

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு உலக அறிவு முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பதுளைக்குப் போக வேண்டும். அங்கே படிப்பு இலவசம்தான். தங்குகிற விடுதி இலவசமில்லை. அம்மாவின் கொழுந்துக்கூடைக் கயிற்றை ஒருநாள் தலையில் மாட்டிப் பார்த்தேன். எப்படியாவது பதுளைக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒரு விண்ணப்பத்தாள் கொண்டுவந்து தந்தார். இந்திய வம்சாவளித் தோட்டப் பிள்ளைகளுக்காக இந்தியப் பெரிய மனிதர்கள் சிலர் படிப்புச் செலவுக்குக் கொடுக்கிற உபகாரச் சம்பளமாம்.

“பிள்ளை, இதைக் கொண்டுபோய் அப்பாட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா. உனக்குக் கட்டாயம் கிடைக்கும்,” என்றார்.

அப்பா அந்தத் தாளைத் தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். காரணம் இருந்தது. பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று நாலு வருஷமாகக் காத்திருந்தார். இந்தியாவோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை, இலங்கைதான் என் நாடு என்று அதில் சத்தியம் செய்திருந்தார். இந்தத் தாளோ, இந்தியாவில் உன் ஊர் எது, தாலுகா எது, ஜில்லா எது என்று கேட்டது.

“ரெண்டும் வேற வேற ஆபீசுதானே? இவனுக்கு எழுதுனது அவனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் சட்டம் தெரிந்தவள் அவள்தான்.

அடுத்த சிக்கல் ஊர். அப்பா பிறந்தது எங்கள் லயத்தில், கூலி வீட்டு வரிசையின் மூன்றாவது காம்பராவில். தாத்தா ஊர்ப்பெயரைச் சொல்லாமலே செத்துப்போனார். ஆனால் இதற்கெல்லாம் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கங்காணியின் ஊர் எதுவோ, அவருக்குக் கீழே விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் அதுதான் ஊர். எங்கெங்கிருந்தோ வந்த நாற்பது குடும்பமும் தோட்டத்து ஆபீஸ் பதிவில் திருச்சி ஜில்லாவில் ஒரே கிராமத்துக்காரர்கள். பதிவை நம்பினால், அந்தக் கிராமத்தில் விளக்கேற்றக்கூட ஆள் மிஞ்சியிருக்க முடியாது. அதையே எழுதினோம். ஊர், தாலுகா, ஜில்லா மூன்றையும் அப்பா எனக்கு ஒரு வாரம் உருப்போட வைத்தார்.

நேர்முகப் பரீட்சை பதுளையில் நடந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்த கனவான்களில் ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் மூன்றையும் கேட்டார், மூன்றையும் ஒப்பித்தேன். பிறகு மனுஷன் அன்பாகச் சிரித்துக்கொண்டு, பாடத்தில் இல்லாததைக் கேட்டார்.

“உங்க ஊர்ல என்ன ஆறும்மா ஓடுது?”

“பதுளு ஓயாங்க.” எனக்குத் தெரிந்த ஆறு பதுளையைச் சுற்றி ஓடுகிற அது ஒன்றுதான்.

கனவான்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது: பூர்வீகம் திருப்திகரமாக நிரூபிக்கப்படவில்லை. அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். ஆறு தெரியாதவளுக்கு அட்சரம் எதற்கு என்று நினைத்துவிட்டார்கள்போலும்.

மறு வருஷம் அப்பாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நாலு தூறல் விழுந்தால் பசறை பஸ் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. என் உபகாரச் சம்பள விண்ணப்பம் மட்டும் எந்த வழியாக நடந்து போனதோ, அதிகாரியின் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. இது உன் கையெழுத்துதானா என்று கேட்டாராம். அப்பாவுக்குப் பொய் வராது. ஆமாங்க என்றிருக்கிறார். இந்தியாவில் ஊர் உள்ளவர் என்று எழுதி அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அம்மா சட்டம் பேசவில்லை. நான் கூடையும் கயிறுமாகக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். என் படிப்பாசைதான் அப்பாவைக் கவிழ்த்துவிட்டது என்று நெஞ்சு அறுத்துக்கொண்டே இருந்தது. அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. ஒரே ஒரு வேலைதான் சொன்னார்.

“நம்மள அங்கதான் அனுப்புவாங்க போல இருக்கு. அந்த ஊருக்கு எப்பிடிப் போறதுன்னு கங்காணிகிட்ட கேட்டுட்டு வா.”

போய்க் கேட்டேன். கங்காணி வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டார்.

“எனக்கு எப்பிடிம்மா தெரியும்? நான் பொறந்தது இந்தா பக்கத்துல இருக்கிற லுணுகலையில. அது எங்கப்பா சொன்ன ஊரு.”