மாடிப் பெட்டி சொன்ன சாட்சி

திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். காலியாகக் கிடக்கும் ரேடியோ அலைவரிசையைத் தானே கண்டுபிடித்துப் பேசி, சொந்தக்காரர் வந்ததும் விலகிக்கொள்கிற கருவிகள்தான் என் பாடம். இதில் இரண்டு வகைத் திருட்டுத்தனம் உண்டு. யாராவது சொந்தக்காரரைப் போலவே சிக்னல் அனுப்பி மற்றவர்களை விரட்டலாம். அல்லது காவலுக்கு வைத்த கருவியே பொய்த் தகவல் தரலாம்.

நான் ஐந்து பெட்டிகளைக் காவலுக்கு வைத்தேன். கல்லூரியிலிருந்து திருவானைக்காவல் வரை நான்கு. ஐந்தாவது, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில். பக்கத்திலேயே, அனுமதி வாங்கிய சின்ன டிரான்ஸ்மிட்டர். அலைவரிசை காலியா என்று பெட்டிகள் ஓட்டுப் போடும்; காலி என்று பெரும்பான்மை சொன்னால் டிரான்ஸ்மிட்டர் அதில் பேசும். எப்போதும் மற்றவற்றுக்கு மாறாகச் சொல்கிற பெட்டியின் மேல் நம்பிக்கையைக் குறைத்து, கடைசியில் அதை நீக்கிவிடும் என் புரோகிராம்.

முதல் வாரமே ஐந்தாவது பெட்டி மாட்டிக்கொண்டது. சாயங்காலமானால் அது 'ஆள் இருக்கிறது', அதாவது சொந்தக்காரர் பேசுகிறார், என்றது. மற்ற நான்கும் 'காலி' என்றன. மூன்றாம் நாள் புரோகிராம் அதை நீக்கியது.

"பாத்தீங்களாம்மா, பொய் சொல்றவனைப் பிடிச்சிடுச்சு," என்றார் என் கைடு.

"சார், நான் இன்னும் எதையும் பொய் சொல்ல வைக்கவே இல்லையே?"

"ஏதாவது லூஸ் கனெக்‌ஷனா இருக்கும். பாருங்க."

கேபிளை மாற்றினேன். திருவானைக்காவல் பெட்டியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தேன். அதுவும் 'ஆள் இருக்கிறது' என்றது. அப்படியானால் கோளாறு பெட்டியில் இல்லை.

அன்று உபன்யாசம் கேட்டுவிட்டு வந்த மாமியார் முகம் வாடியிருந்தது. "நாலு நாளா மைக் கர்ருங்கறது. ஒரு வார்த்தை காதுல விழல."

"ஒயர் இல்லாத மைக்காம்மா?"

"ஆமா, அங்கவஸ்திரத்துல குத்திண்டிருப்பாரே, அதுதான்."

மறுநாள் அடுத்த தெருவில் இருந்த அந்த மண்டபத்துக்குப் போனேன். மைக்செட்காரர் தன் கருவியில் எண்ணைக் காட்டினார். என் அலைவரிசையேதான். அடுத்த தெரு வரைதான் எட்டும் மைக்; தூரத்தில் இருந்த நான்கு பெட்டிகளுக்கும் அது கேட்கவே இல்லை. லைசென்ஸ் உண்டா என்று கேட்டேன்.

"மைக்குக்கா? கடையில வாங்கினேன், சுவிட்சப் போட்டேன், பேசுது. ஏங்க?"

அந்த அலைவரிசையின் உண்மையான சொந்தக்காரர் ஒரு டிவி நிலையம். இந்த ஊரில் அது பேசியதே இல்லை. அப்படியானால் சொந்தக்காரர் வேஷம் போட்டது இவரா? இவர் யாரையும் விரட்ட நினைக்கவில்லையே. டிரான்ஸ்மிட்டரை வைத்து உபன்யாசத்தைக் கெடுத்தது நான். இருப்பதைக் கேட்டுச் சொன்ன ஒரே பெட்டியைப் பொய்யன் என்று வெளியேற்றியதும் நான்தான். ஆனால் சொந்தக்காரர் வந்திருக்கிறார் என்று அது சொன்னதும் நிஜமில்லையே?

விஷயத்தை ஒப்புக்கொண்டேன். "அடப்பாவமே, கெட்டுப்போச்சுன்னு ரெண்டு மைக்க மாத்திட்டேங்க," என்றார் அவர்.

டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன். அன்று சாயங்காலம் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குரல் கணீரென்று கேட்டது. என் மனதில்தான் எதுவும் ஏறவில்லை.

கைடிடம் சொன்னேன். "இதையும் தீசிஸ்ல எழுதுங்க," என்றார். எழுதினேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் கேட்டார்: "நாலு பெட்டிக்குக் கேக்காதது ஒண்ணுக்குக் கேட்டா, அது பொய் சொல்லுதா, நிஜமாவே கேக்குதான்னு உங்க முறை எப்படிம்மா கண்டுபிடிக்கும்?"

"இப்போதைக்கு முடியாது சார்."

பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்த அத்தியாயத்துக்காகக் கொடுத்தார்களா, அதைப் பெரிதுபடுத்தாமல் கொடுத்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.