முன்னிலை யாருக்குங்க?

எழுத்துப் பிழை பார்க்கத் தெரிந்தால் அச்சாபீசில் காலம் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் புரூப் பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசட்டும்.

கோயமுத்தூரில் தேர் நிறுத்தும் தேர்முட்டிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஓர் அச்சாபீசில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் குப்பை கொட்டினேன். வாசகம் எழுதுவது, புரூப் திருத்துவது, வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, மூன்றும் என் பொறுப்பு. பீளமேட்டுப் பக்கம் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். திறப்பு விழா, பாராட்டு விழா, கல்யாணம், காதுகுத்து என்று எதற்கெடுத்தாலும் பத்திரிகைதான். எந்தப் பத்திரிகையானாலும் அதில் ஒரு சொல் இருந்தே தீரும். இன்னார் தலைமை, இன்னார் முன்னிலை. தலைமைக்குச் சண்டை வராது, அது பெரும்பாலும் வெளியூர்க்காரருக்குப் போய்விடும். இந்த முன்னிலை இருக்கிறதே, நாலே எழுத்து, அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இதே தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காலு, கொம்பு உட்டுப்போச்சுன்னா மன்னிச்சுருவேன். பேரு முன்னபின்ன போயி ஒரு கண்ணாலம் நின்னுதுன்னா, அன்னைக்கே நீங்க வேற எடம் பாத்துக்கோணும்."

அன்னூர்க்காரரின் இலை

அன்னூரிலிருந்து ஒரு விவசாயி மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். யாருக்கு முன்னிலை போடலாம் என்று கேட்டேன். "எங்க மாமனுக்குங்க. அவருக்கு அது ரொம்ப முக்கியமுங்க" என்றார். புரூப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மாமனுக்கு முன் எலைன்னு போட்டாச்சுங்களா? செரிங்க, ஏற்பாடு பண்ணிப் போடறேன்" என்று திருப்தியாகப் போனார். என்ன ஏற்பாடு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து இரண்டாம் நாள் வந்தார். முகம் வாடியிருந்தது. "பத்திரிகையில போட்டபடியே பந்தியில மொத எலை மாமனுக்குத்தான்னு சொல்லிப்போட்டேனுங்க. எவனாச்சும் புடிச்சுக்குவான்னு அவரு விடியறதுக்குள்ள போயி உக்காந்துட்டாரு, தாலி கட்டறப்பக்கூட எந்திரிச்சு வரலீங்க. அடுத்த மகனுக்கு எலையே வேண்டாமுங்க, வெறும் மாமன்னு போடுங்க."

வட்டம்

கணபதியிலிருந்து கோயில் திருவிழா நோட்டீசுக்கு ஒன்பது பேர் கொண்ட கமிட்டி வந்தது. ஒன்பது பேரும் முன்னிலை. யார் பேர் மேலே என்று காலையில் ஆரம்பித்த பேச்சு உச்சிவேளை வரை போயிற்று. எனக்கு அப்போது என் மூளைமேல் அசாத்திய நம்பிக்கை. "ஏனுங்க, மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். நடுவில் சாமி படம், சுற்றிலும் வட்டமாக ஒன்பது பேர்" என்றேன்.

பேச்சு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுத்துக் கோர்க்கும் எங்கள் கம்பாசிட்டர் தேவசகாயம் அண்ணன் என்னை மெச்சிக்கொண்டு எழுத்துப் பெட்டியருகே போகக் காலெடுத்து வைத்தார். அப்போது கமிட்டியிலேயே வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்: "வட்டஞ் செரிங்க. படிக்கறவன் எங்கிருந்து ஆரம்பிப்பான்?"

புலவர் ஐயா

முன்னிலையை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஒரு மனிதரை என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புலவர். ஆண்டு விழா அழைப்பில் தலைமை ஆசிரியர் அவர் பேருக்குப் பக்கத்தில் முன்னிலை என்று எழுதி அனுப்பியிருந்தார். அது வேண்டாம் என்று சொல்லப் புலவரே நேரில் வந்தார். ஆகா, ஊரில் அடக்கமான ஓர் ஆத்மா உண்டே என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஏனுங்க வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தம்பி, இலக்கணத்துல எடம் மூணுங்க. தன்மை, முன்னிலை, படர்க்கை. தன்மைன்னா நான். முன்னிலைன்னா எதுத்தாப்புல நிக்கற நீ. அப்ப முன்னிலைங்கறது ரெண்டாவது எடமுங்களே! என்னைய எதுக்குங்க ரெண்டாவதாப் போடறீங்க? தன்மைன்னு மாத்திருங்க."

மாமனும் பெரியப்பனும்

சூலூர்ப் பக்கத்திலிருந்து மாரப்பக் கவுண்டரும் அவர் சம்சாரம் செல்லாத்தாளும் மூத்த மகள் கல்யாணத்துக்கு வந்தார்கள். முகூர்த்தத்துக்குப் பத்தே நாள். இன்னும் பத்திரிகை அடிக்கவில்லை என்றால் ஏதோ வில்லங்கம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாரப்பர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாதான் பேசினார். மாரப்பரின் அண்ணன் நாச்சிமுத்து, செல்லாத்தாளின் அண்ணன் பழனியப்பன், இரண்டு பேரும் முன்னிலை கேட்கிறார்கள். அடுத்தவன் பேர் தனக்கு மேலே இருந்தால் பந்தலை மிதிக்கமாட்டேன் என்று இருவரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள்.

"மாமன் இல்லாம எம்புள்ளை மணவறை ஏற முடியாதுங்க. பெரியப்பன் இல்லாம எங்கூட்டுக்காரரு ஊருக்குள்ள நடமாட முடியாதுங்க. நான் யாரைன்னு உடறது?" என்று சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வட்டத்தில் பட்ட அடி மறந்து என் மூளை மறுபடி துள்ளியது. இரண்டு பேரையும் ஒரே வரிசையில், இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், ஒவ்வொரு பேருக்கும் கீழே தனித்தனியாக முன்னிலை என்று போடலாம் என்றேன். இடப்பக்கம் யார் என்று அதற்கும் சண்டை வருமே என்றார் அந்த அம்மா. "மச்சாண்டார் நாச்சிமுத்துக் கவுண்டரை இடப்பக்கம் போடறேனுங்க. படிக்கறவன் அங்கிருந்துதான் ஆரம்பிப்பான்னு அவர்கிட்டச் சொல்லுங்க. உங்க அண்ணன்கிட்ட, சோத்துக்கைப் பக்கம் உங்களுக்குன்னு சொல்லுங்க" என்றேன்.

மாரப்பர் துண்டைத் தோளில் போட்டார். செல்லாத்தாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "ஏனுங்க தம்பி, நீங்க கோர்ட்டுக் கச்சேரியில வக்கீலா இருக்க வேண்டிய ஆளுங்க."

ஒரு 'ல்'

அந்தப் பாராட்டுதான் என்னைக் கெடுத்தது. புரூப் வந்ததும் அடிக்கோலை வைத்து இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் நிற்கிறார்களா என்று அளந்தேன். இனிஷியல் பார்த்தேன், கவுண்டர், அவர்கள் எல்லாம் பார்த்தேன். பேருக்குக் கீழே இருந்த சொல்லைப் படிக்கவில்லை. நாலு வருஷமாகத் தினமும் பார்க்கிற சொல், அதைப் போய் எவன் படிப்பான்?

முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருந்தது. காலையில் கதவைத் திறந்து வைத்த நேரம், வெளியே வண்டி வந்து நின்றது. நாச்சிமுத்துக் கவுண்டர் கையில் பத்திரிகையோடு உள்ளே வந்தார். பின்னாலேயே மாரப்பரும் செல்லாத்தாளும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். "எம்பேருக்குக் கீழ என்ன போட்டிருக்குது, படிங்க" என்றார் நாச்சிமுத்து.

பத்திரிகையை வாங்கிப் படித்தேன். முன்னிலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'ல்' கூடுதலாக நின்றுகொண்டு 'முன்னில்லை' என்றது. அதைக் கோர்த்ததற்கு முந்தின நாள் முழுக்கத் தேவசகாயம் அண்ணன் ஒரு மில்லுக்கு 'வேலை காலி இல்லை' என்ற நோட்டீஸ் கோர்த்திருந்தார். கை அதே பழக்கத்தில் போய்விட்டது. முதலாளி மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் முன்னில்லீன்னு ஊரு பூரா அச்சடிச்சுக் குடுத்துப்போட்டீங்க. எந்தம்பி மக கண்ணாலத்துக்கு நான் இல்லீன்னா, நான் இல்லீங்க" என்று நாச்சிமுத்து திரும்பினார். செல்லாத்தாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு என் தொழில் கைகொடுத்தது. பத்திரிகை கைக்கு வந்தால் எந்த மனிதனும் முதலில் தன் பேரைத்தான் தேடுவான், அதைப் படித்தபின் மற்றதைப் படிக்கமாட்டான். "ஏனுங்க, கோவிச்சுக்காம வலப்பக்கமும் ஒருக்காப் படிச்சுப் பாருங்க" என்றேன். அவர் வேண்டாவெறுப்பாக வாங்கினார். பழனியப்பன் பேரை வேகமாகத் தாண்டி, அதன் கீழே இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தார். முன், னில், லை.

"அவனுக்கும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

விரலை வைத்து எண்ணினார். இந்தப் பக்கம் அஞ்செழுத்து, அந்தப் பக்கமும் அஞ்செழுத்து. இன்னொரு தடவை எண்ணினார். பிறகு பத்திரிகையை நீவி நாலாக மடித்து மடியில் சொருகிக்கொண்டார். முதலாளி பதறிப்போய், இன்றைக்கே திருத்தி மறுபடி அடித்துத் தருகிறோம் என்றார். நாச்சிமுத்து வாசற்படியில் நின்று திரும்பினார். "வேண்டாமுங்க. திருத்தறேன்னு போயி அவனுக்கு மட்டும் செரி பண்ணிப்போடுவீங்க. இப்படியே இருக்கட்டும்."

பந்தலில்

முதலாளி என்னை அனுப்பவில்லை. பேர் முன்னபின்ன போனால்தானே வேறு இடம் பார்க்கச் சொன்னேன், இங்கே இரண்டுமே ஒரே மாதிரி போய்விட்டதே என்று அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டார். இருந்தாலும் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது. சூலூருக்குப் பஸ் ஏறினேன்.

பந்தல் வாசலில் ஒரு பக்கம் நாச்சிமுத்து, மறு பக்கம் பழனியப்பன், அவரும் அதே மாதிரி எண்ணிப் பார்த்திருப்பார் போல. வந்தவர்களில் ஒருவர், "ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும்தான் முன்னில்லையாமே, இங்க முன்னால நிக்கறீங்க?" என்று கேலி செய்தார். பழனியப்பன் நாச்சிமுத்துவைப் பார்த்தார், நாச்சிமுத்து பழனியப்பனைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தது என்று என்னால் சொல்ல முடியாது, சொன்னால் அதற்கும் வம்பு வரும். பெண்ணை மாமன் கூட்டி வந்தார், பெரியப்பன் மணவறை அருகில் நின்று அட்சதை போட்டார். என் கண்ணில் தண்ணீர் வந்தது, அது ஓமப் புகையால் இல்லை.

செல்லாத்தாள் வெற்றிலைத் தட்டோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்வை, சந்தோஷம். "ஏனுங்க தம்பி, சின்னவளுக்கு வார தையில வெச்சிருக்கோமுங்க. அந்த 'ல்'லை மட்டும் மறந்துபோடாதீங்க."

முன்னிலை என்றால் எதிரே நிற்பவன் என்று புலவர் ஐயா சொன்னது இலக்கணம். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு வருகிற அத்தனை பேரும் அந்த எதிரே நிற்பவனுக்குக் கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் கேட்கிறார்கள் என்று எனக்கு விளங்க, கூடுதலாக ஒரு 'ல்' வேண்டியிருந்தது.