மண்டிக்கடைக் காபியும் நான் போன தூதும்

வில்லியனூர்க்காரர்கள் கோயில் பார்க்க வேறு ஊருக்குப் போகவேண்டிய அவசியமே கிடையாது. ஆனாலும் நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா மளிகைக் கடைக்கு லீவு விட்டு, பாகூர் கோயிலைச் சுற்றிப்பார்க்க எங்களைக் காரில் அழைத்துப் போனார். அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். காலையில் அழுதுமிருந்தாள். போவது பெண் பார்க்கும் விஷயமாக என்பது காரில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. முதலில் தற்செயலாக வந்ததுபோல இரண்டு வீட்டாரும் கோயிலில் பார்த்துக்கொள்வார்கள்; பேச மாட்டார்கள். பிடித்தால் முறையாக வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. அத்தைக்குத் திருபுவனையில் கம்பெனி வேலை; வில்லியனூரிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். முன்பு வந்த இடங்களெல்லாம் வேலையை விடச் சொல்லித்தான் தட்டிப்போயின. இதுவும் அப்படித்தான் ஆகும் என்றுதான் அந்த அழுகை.

கோயில் சுவரடியில் ஆடும் குட்டிச் சிற்பங்களை நான் ஆசைதீரப் பார்ப்பதற்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்துத் தெருவில் பழைய அரிசி மண்டி ஒன்றைக் காபிக்கடை ஆக்கியிருந்தார்கள். பலகைக் கதவு, தேக்கு உத்தரம், கல்லாப்பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் கடையில் தினமும் அப்பாவிடம் திட்டு வாங்குகிற தராசு மாதிரியே ஒன்று, இங்கே தட்டு நிறையப் பூவோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள். அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"இதுக்கு நம்ம கடையப் பாத்துட்டு வூட்லயே காபி குடிச்சிருக்கலாம்" என்றார். அம்மா முறைத்தாள்.

கோயிலில் பார்த்த அதே குடும்பம் அடுத்த மேஜையில் இருந்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உத்தரத்தையே ரசித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை என் காதில், "அந்த நீலச்சட்டைக்காரருகிட்ட போயி, திருபுவனை கம்பெனி பஸ்ஸு அவங்க ஊரு கரிக்கலாம்பாக்கம் பக்கம் வருமான்னு கேட்டுட்டு வாடி" என்றாள்.

வாயாடி என்று பள்ளிக்கூடத்திலேயே எனக்குப் பேர். ஓடிப்போய்க் கேட்டேன். அவருக்குக் காபி புரையேறிவிட்டது.

"பஸ்ஸு வராதும்மா. வில்லியனூர் வரைக்கும் நானே தினம் பைக்ல கொண்டாந்து வுடுறேன்னு சொல்லு. அப்படியே, உங்க அத்தை இன்னிக்கு இஷ்டப்பட்டுத்தான் வந்தாங்களான்னும் கேளு."

கேட்டது பஸ்ஸைப் பற்றி. இவர் யாரை, எதற்குக் கொண்டுவந்து விடவேண்டும்? இருந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அத்தை டம்ளரை வைத்துவிட்டு என்னை மறுபடி கிட்டே இழுத்தாள்.

"வர்றப்ப இஷ்டம் இல்லன்னு சொல்லு."

பாவம், மனிதர் வருத்தப்படுவாரே என்று எனக்குப் போகவே மனசில்லை. மெல்ல நடந்துபோய், "வர்றப்ப இஷ்டம் இல்லையாம் அங்கிள்" என்றேன். அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். தட்டிலிருந்த கேக்கை அப்படியே தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார்.

இஷ்டமில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொன்னால் கேக் கொடுக்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. திரும்பி வரும்போது, அம்மா பேசுகிற தோரணையில் அத்தையிடம் சொன்னேன்: "அந்த அங்கிள் கொஞ்சம் லூசு போல. அவரக் கட்டிக்கப்போறவ பாடு திண்டாட்டந்தான்."

அத்தை என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு வில்லியனூர் வரைக்கும் சிரித்தாள். நல்லது சொன்னால் இவளும் சிரிக்கிறாளே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.