பெரியப்பாவுக்கு லைட் போடவில்லை

நாற்பத்தெட்டு வயதில் ஒருவன் வெளிச்சத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் அதை ஞானம் என்பார்கள். நான் யோசித்ததோ கல்யாண வரவேற்பில் எந்த லைட்டை எங்கே நிறுத்துவது என்று. வீட்டில் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்.

கல்யாண வீடியோ எடுக்கத் தொடங்கியதிலிருந்து என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஹாலஜன் விளக்கு. கேமராவுக்குப் பக்கத்தில் மச்சான் தூக்கிப் பிடிப்பான். என் மனைவியின் தம்பி. முட்டி வலியில் மட்டும் எனக்கு மூத்தவன். பல்பு சீக்கிரம் போய்விடும் என்பதால் நெருங்கிய சொந்தம் மேடையேறினால் போடுவோம், மற்றவர்களுக்கு அணைப்போம். அந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளைகள் எல்லாரும் போலீசில் பிடிபட்டவர்கள் போலவே இருந்தார்கள்.

பிறகு கோவளம் பக்கத்து ரிசார்ட்டுகளில் வேலை வந்தது. அங்கே கண் கூசக் கூடாது. வெளிச்சம் அமைப்பது பற்றித் தடித்த புத்தகங்கள் இரண்டைப் படித்துவிட்டு, வெள்ளைத் துணி மூடிய எல்.இ.டி. பெட்டிகள் இரண்டு வாங்கினேன். மேடையின் இரு மூலைகளிலும் உயரமாக நிறுத்திப் போட்டுவிட்டால் போதும், கடைசிவரை அப்படியே எரியும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

கருங்குழியில் ஒரு வரவேற்பு. பெண் முன்பே போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். "அண்ணா, எனக்கு ஒத்தத் தலவலி. மூஞ்சில லைட் அடிச்சா வாந்தி வந்துடும். நிச்சயதார்த்தத்துல பாதில எழுந்து போய்ட்டேன். மாப்ள வூட்ல இன்னும் அதையே சொல்லிகினு கீறாங்க. இந்த தபா கடைசி வரிக்கும் நிக்கணும்."

என் பெட்டிகள் இருக்கப் பயமேன் என்றேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பெண்ணின் அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"இன்னாபா, எங்க அண்ணன் மேடை ஏறசொல்லோ லைட்டே போடலியாமே? சாப்டாம கேட்டாண்ட போய் குந்திகினு கீறாரு!"

"ஆறு மணியிலேர்ந்து எரியுது சார்."

"அது மண்டபத்து லைட்டு. உன் லைட்டு எங்க?"

வெளிச்சத்தின் மென்மை குறித்து விளக்கத் தொடங்கினேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "மாமா, பாடம் எடுக்காத. லைட் போட்டாதான் சொந்தம்னு ஊருக்கு சொல்லிக் குடுத்ததே நாமதான்."

உண்மைதான். பல்பைக் காப்பாற்றப் போய் ஒரு சம்பிரதாயத்தையே உண்டாக்கியிருந்தோம்.

"அந்தப் பழைய லைட்ட எடு," என்றார் அப்பா. "அண்ணன் இல்லாம நாளிக்கு தாலி கட்டுறதா?"

மேடையிலிருந்து பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். "போடுங்கண்ணா, பரவால்ல," என்றாள். சொல்லும்போதே நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

வேனிலிருந்து ஹாலஜன் வந்தது. புத்தகங்கள் இரண்டிலும் இதற்கு வழி சொல்லவில்லை. மேடைப் படிக்கட்டின் மேல்முனையில், பெண்ணுக்கு முதுகைக் காட்டியபடி, ஏறி வருபவர்களின் முகத்தில் அடிக்கும்படி மச்சானை நிறுத்தினேன். படியிலேயே படம் எடுப்பது, மேடையில் கால் வைத்ததும் அணைப்பது.

பெரியப்பாவை அழைத்து வந்தார்கள். முதல் படியில் முழு வெளிச்சமும் விழுந்ததும் கண்ணை இடுக்கி நின்றார்.

"எரியுதாங்க?" என்றேன்.

"ஒண்ணியும் தெர்லபா."

"அப்ப நல்லா எரியுதுங்க."

துண்டைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார். அதைப் பார்த்து, ஏற்கெனவே ஏறி இறங்கியவர்களும் மறுபடி வரிசையில் நின்றார்கள். மச்சான் முட்டி வலியில் காலை மாற்றி மாற்றி நின்றான்.

பெரியப்பா சாப்பிட்டார். கடைசிக் குடும்பம் இறங்கும்வரை பெண்ணும் நின்றாள். ஹாலஜனை எடுத்து வைக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டேன்.

"ஆறினப்பறம் தொடணும்னு உன் புக்குல போடலியா மாமா?" என்றான் மச்சான், படியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்தபடி.