எண்ணெய் படாத கை

செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு டாக்டர் சிதம்பரம் கூப்பிட்டுச் சொன்னார்: தோலில் ஒட்டி உரித்த டேப் காட்டிய அளவும் ரத்தம் காட்டிய அளவும் ஒத்துப்போய்விட்டன. கரப்பான் வந்த பிள்ளைகளின் தோல் அழற்சியை அளக்க, அவருடைய ஈப்போ கிளினிக்கில் இனி ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டாம். இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் என் அக்கா தினேஸ்வரி. அவர் இறந்து ஆறு வாரம் ஆகிறது.

அக்கா அங்கே தாதி. ஐம்பது சென் காசளவு வட்ட டேப்பைப் பிள்ளையின் முழங்கை மடிப்பில் ஒட்டி, அழுத்தி, உரித்தெடுப்பார். ஒரே இடத்தில் பத்து முறை. அதோடு வரும் மெல்லிய தோல்துகளே அழற்சியைச் சொல்லிவிடும் என்று டாக்டர் நம்பினார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு முறை ரத்தமும் எடுத்தார்கள்.

கோப்பெங் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளிடம் டேப் ஒட்டவே இல்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று தாய்மார்கள் குளிப்பாட்டி, தலைமுதல் கால்வரை தேங்காயெண்ணெய் பூசி அழைத்து வந்தார்கள். துடைத்தும் பயனில்லை. தோட்டத்துப் பிள்ளைகளை இந்த ஆய்விலிருந்து விட்டுவிடலாம் என்றார் டாக்டர். நாளைக்கு மற்றவர்களுக்கு டேப், இவர்களுக்கு மட்டும் எப்போதும் ஊசியா என்று கேட்ட அக்கா, ஒரு மாதம் தவணை வாங்கினார்.

கிளினிக் நாளுக்கு முந்தின மாலை மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போனார். முதல் முறை நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். அபிராமி என்ற தாய் நாலு வயது மகளை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே மறித்தார்.

"எண்ணெ இல்லாம, வெள்ளையா பூத்த தோலோட கொண்டு போனா, புள்ளய வளக்குற லட்சணத்தப் பாருன்னுதான் சொல்வாங்க லா."

"வலது கை உங்களோடது, எவ்ளோ வேணும்னாலும் பூசுங்க," என்றார் அக்கா. "இடது கைய நாளைக்கு மட்டும் எனக்குக் கொடுங்க."

"ரெண்டையும் எடுத்துக்குங்க அக்கா. சொறிஞ்சி அழுறப்போ நீங்களே தூக்கி வச்சிக்கலாம்."

அக்கா சிரித்துவிட்டு, அழுதால் வருகிறேன் என்று போன் நம்பரைக் கொடுத்தார்.

மறுநாள் சிறுமி எண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு வந்தாள். இடது கையில் மட்டும் சுத்தமான துணி சுற்றியிருந்தது. மேலழுக்கோடு வரும் முதல் டேப் கணக்கில் சேராது. அதை வாங்கி அக்காவின் நெற்றியில் பொட்டாக ஒட்டினாள். மீதி ஒன்பதுக்கும் அசையாமல் இருந்தாள். டாக்டர் எதுவும் திட்டவில்லை என்ற செய்தியை அபிராமியே தோட்டம் முழுக்கக் கொண்டுபோனார். மாதம் முடிவதற்குள் இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரு கை உலர்ந்து வந்தார்கள். ஒருவரும் விடுபடவில்லை. அவர்களுடைய அளவுகள்தான் எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தன என்றார் டாக்டர்.

முடிவு தெரிந்ததும் நேரில் வந்து சொல்வதாக அக்கா அத்தனை வீட்டிலும் வாக்குக் கொடுத்திருந்தார். நேற்றும் இன்றும் போய் இருபத்திரண்டு வீடுகளில் சொன்னேன். ஒரு குடும்பம் லூமுட்டுக்குக் குடிபோய்விட்டது. அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.